தளர்வாக இருப்பதெல்லாம் வசதியாக இருந்துவிடாது

67 வயது, வீட்டில் முழு நாளும் நைட்டி, வெளியே போக இரண்டு மூன்று பழைய சுடிதார்கள், அடுத்த மாதம் மூன்று வாரப் பயணம். “மகள் என்னைப் பார்த்து டல்லாக இருக்கிறாய் என்கிறாள். உடம்பை உறுத்தாமலும் இருக்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். என் வயதுக்கு எது பொருத்தம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். வயதுக்குப் பொருத்தமானது எது என்று நீங்கள் எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. வசதியாக உடுத்தினால் தோற்றம் போய்விடுகிறது, தோற்றத்துக்காக உடுத்தினால் வசதி போய்விடுகிறது, இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமா என்பதுதான் அது.

விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நான் உடை வெட்டும் கலையை முறையாகப் படித்தவள், பல வருடங்களாகத் தையல் தொழிலில் இருப்பவள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய பெண்கள். அவர்களுக்குப் பார்க்க நன்றாக இல்லாத உடை, அநேகமாக அவர்களுக்கு வசதியாகவும் இருப்பதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: அந்த உடை அவர்களுடைய இன்றைய உடம்புக்கு வெட்டப்பட்டது அல்ல. துணி, வெட்டு, தையல் பற்றி இங்கே சொல்வது தொழிலில் தெரிந்தது. கால் வீக்கம், தோல் அரிப்பு போன்றவற்றைத் தொட்டுப் போவேன், ஆனால் அவற்றில் கடைசி வார்த்தை உங்கள் மருத்துவருடையது.

முதலில் உடம்பு. வயது ஏறும்போது எடை கூடாவிட்டாலும் உருவம் மாறுகிறது. முதுகெலும்பின் தட்டுகள் மெலிந்து உயரம் கொஞ்சம் குறைகிறது. மேல் முதுகு லேசாக வளைகிறது, தோள்கள் முன்பக்கமாக வருகின்றன, மார்பு இறங்குகிறது, இடுப்பு தடிக்கிறது, பின்பக்கம் தட்டையாகிறது. தையல்காரர் கண்ணில் இதில் மிக முக்கியமானது, முதுகின் நீளம் கூடி மார்புப் பக்கத்தின் நீளம் குறைவது. நிமிர்ந்து நிற்கும் இளம்பெண்ணுக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை முன்பக்க அளவு பின்பக்கத்தைவிட அதிகமாக இருக்கும். கூன் விழ விழ அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும், சிலருக்குத் தலைகீழாகவும் ஆகிவிடும். கடையில் தொங்கும் ரெடிமேட் உடைகளோ பெரும்பாலும் அந்த நிமிர்ந்த உடம்பை மனதில் வைத்து வெட்டப்பட்டவை.

அதனால்தான் நீங்கள் போடும் டாப்ஸ் பின்னால் தூக்கிக்கொண்டும், முன் கழுத்து தொண்டையை நோக்கி ஏறிக்கொண்டும், நெஞ்சுக்குக் கீழே துணி மடிந்துகொண்டும் நிற்கிறது. நாள் முழுக்க இழுத்து இழுத்து விட்டுக்கொள்வீர்கள். “எனக்கு எதுவும் நன்றாக அமைவதில்லை” என்று தோன்றும். உடம்பில் குறை ஒன்றுமில்லை. முன்னும் பின்னும் உள்ள சமநிலை மட்டும்தான் தவறியிருக்கிறது.

இங்கே எல்லோரும் செய்வது ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. இடுப்பில் இறுக்கம் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடவே தோள் அகலமாகும், கழுத்து அகலமாகும், கை நீளமாகும், கைக்குழி கீழே இறங்கும். கைக்குழி இறங்கினால் கை தூக்க வசதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக, மேலே இருந்தால் கையை உயர்த்தும்போது கை மட்டும் உயரும். தாழ்ந்திருந்தால், கையோடு சேர்த்து உடை முழுவதையும் மேலே இழுக்கும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் இடுப்பு தெரியும் அளவுக்கு டாப்ஸ் ஏறுகிறதென்றால் அதற்குக் காரணம் இதுதான். தோளில் வலி இருப்பவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் ஒவ்வொரு நாளும் உறைக்கும்.

ஆகவே வாங்கும்போது தோளுக்குப் பொருந்தும் சைஸை எடுங்கள், இடுப்பில் போதாததைத் தைத்துச் சரி செய்துகொள்ளுங்கள். பக்கத் தையலில் உள்ளே விட்டிருக்கும் துணியைப் பிரித்துவிடலாம், பக்கவாட்டில் ஸ்லிட்டை உயர்த்தலாம், ஏ-லைன் வெட்டு, அதாவது மேலிருந்து கீழே போகப் போக விரிந்துகொண்டே போகும் வெட்டு உள்ளதாகப் பார்க்கலாம். தோளைச் சின்னதாக்குவது கடினமான, செலவு பிடிக்கும் வேலை. இடுப்பைப் பெரிதாக்குவது அப்படியல்ல. போட்டுப் பார்க்கும் அறையில் கண்ணாடி முன் நேராக நின்று வயிற்றை எக்கிக்கொண்டு பார்ப்பதை விட்டுவிட்டு, உட்காருங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள், இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். உட்கார்ந்தால் இடுப்பும் பின்பக்கமும் சில சென்டிமீட்டர் விரியும். நின்றபடி கச்சிதமாக இருக்கும் பேன்ட் உட்கார்ந்ததும் வயிற்றை வெட்டுவது அதனால்தான்.

தைத்துப் போடுகிறவர் என்றால் தையல்காரரிடம் பழைய ‘அளவு ப்ளவுஸை’ கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அது பத்து வருடத்துக்கு முந்தைய உடம்பு. புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள், அதிலும் முன் நீளம், பின் நீளம் இரண்டையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். தோள் தையலை ஒன்றரை சென்டிமீட்டர் போல முன்னே தள்ளி வைத்தாலே முன்னே சாய்ந்த தோளுக்கு உடை அமைதியாக உட்காரும். பின்பக்கம் மேல் முதுகில் நீளம் கூட்டி, முன்னால் அதே அளவு குறைத்தால் ஓரம் நேராக நிற்கும். டார்ட், அதாவது மார்பின் வடிவத்துக்காகத் துணியைப் பிடித்துத் தைக்கும் மடிப்பு, வைக்கும் இடத்தை மார்பின் இன்றைய உயரத்துக்கு இறக்க வேண்டும். இதைச் சொன்னால் முகம் சுளிக்கும் தையல்காரர்கள் உண்டு, வேறு ஆளைப் பாருங்கள்.

துணி விஷயத்தில் “பருத்திதான் நல்லது” என்பது பாதி உண்மை. சாதாரண அறைக் காற்றில் நூறு கிராம் காய்ந்த பருத்தி ஏறத்தாழ எட்டு கிராம் ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். லினனும் ரேயானும் அதைவிட அதிகம், கம்பளி இன்னும் அதிகம், பாலியெஸ்டரோ அரை கிராம்கூட இல்லை. வெயிலில் பாலியெஸ்டர் புழுக்கமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் பருத்தி நனைந்துவிட்டால் லேசில் காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை ஏற்றும். வீட்டில் அது பிரச்சினையே இல்லை, பயணத்தில் பிரச்சினை. ரேயான் மிருதுவாக விழும், வயதான உடம்பில் அழகாக நிற்கும். ஆனால் ஈரமானால் அதன் வலு பாதிக்குப் பாதி குறையும், முறுக்கிப் பிழியக் கூடாது. மெல்லிய மெரினோ கம்பளி குத்தாது. குத்துவது இழையின் தடிமனைப் பொறுத்தது, 30 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் தடித்த இழைகள்தான் தோலை உறுத்தும். பருத்தியில் இரண்டிலிருந்து ஐந்து சதவீதம் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்திருந்தால் குனிய நிமிர வசதி. ஆனால் அதை வெந்நீரிலும் குளோரின் ப்ளீச்சிலும் போட்டால் சீக்கிரமே தொளதொளத்துவிடும்.

வயதானால் வியர்வை குறைகிறது, சூட்டையும் குளிரையும் உடம்பு உணர்வது மெதுவாகிறது. தனக்குக் குளிர்கிறது என்று தெரிவதற்குள் கை கால் சில்லிட்டுவிடும். வெயிலில் உடம்பு தன்னைத் தானே குளிர்விப்பதும் முன்புபோல் இல்லை. ஆகவே ஒரே கனமான உடையைவிட, கழற்றிப் போடக்கூடிய இரண்டு மெல்லிய அடுக்குகள் எப்போதும் மேல். திடீரென்று உடம்பு கொதிப்பது இன்னும் நிற்காதவர்களுக்கு இது இரட்டை உபகாரம். மேல் அடுக்கு தலைவழியாகப் போடுவதாக இருக்க வேண்டாம், முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். தலைவழியாகக் கழற்றும்போது மூக்குக் கண்ணாடி மாட்டும், காதுக்குப் பின்னால் வைக்கும் கேட்கும் கருவி சிக்கித் தெறித்து விழும். அதைத் தரையில் தவழ்ந்து தேடியவர்களுக்குத் தெரியும்.

தோலும் மெலிகிறது, வறள்கிறது. முன்பு கவனத்துக்கே வராத லேபிள், கழுத்து லேஸ், தடித்த தையல் எல்லாம் இப்போது அரிக்கும். லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டினால் மிச்சமிருக்கும் முனைதான் அதிகம் குத்தும், தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள். புதுத் துணியை ஒருமுறை அலசாமல் போட வேண்டாம். அடர் நீல, கறுப்பு பாலியெஸ்டர் உடைகளில் பயன்படும் சில நீலச் சாயங்கள் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. லைனிங் படும் இடத்தில் மட்டும் தடிப்பு வந்தால் சோப்பைக் குறை சொல்வதற்கு முன் லைனிங்கைச் சந்தேகப்படுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். நைட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். இடுப்பை இறுக்காத, காற்றோட்டமான உடை அது. ஆனால் இரவு படுத்த உடையிலேயே மறுநாள் மாலைவரை இருப்பதுதான் உங்கள் மகள் கண்ணில் படுவது என்று நினைக்கிறேன். பகலுக்கென்று வேறு உடை வைத்துக்கொள்ளுங்கள், அது இரவு உடையைவிடக் கொஞ்சம்கூட சிரமமாக இருக்க வேண்டியதில்லை. முழங்காலைத் தாண்டிய குர்த்தியும் அகன்ற எலாஸ்டிக் வைத்த கணுக்கால் பேன்டும் எனக்குப் பிடித்த ஜோடி. பேன்ட் பழக்கமில்லை என்றால் தோள் பொருந்திய, கணுக்காலுக்கு மேலே நிற்கும் கவுன். பை வைத்துத் தைத்திருப்பது கட்டாயம், கண்ணாடியும் போனும் சாவியும் கையிலேயே இருந்தால் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்கக் கை இருக்காது.

நைட்டியில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இரண்டு விஷயங்கள். ஒன்று நீளம். தரையைத் தொடும் ஓரம் படியேறும்போது கால்விரலில் மாட்டும், குனிந்து எழும்போது குதிகாலில் மிதிபடும். உயரம் குறைந்திருப்பதால், பத்து வருடத்துக்கு முன் சரியாக இருந்த நைட்டிகூட இன்று நீளமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துக் கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்துவிடுங்கள், ஒரு மதிய வேலைதான். இன்னொன்று அடுப்பு. பருத்தி சடாரென்று தீப்பிடிக்கும், செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டும், இரண்டில் எது தேவலை என்று கேட்பதில் பொருள் இல்லை. தொங்கும் கை, தொங்கும் துப்பட்டா, அடுப்புக்கு மேல் எட்டி எதையாவது எடுப்பது, இந்த மூன்றும் சேரக் கூடாது. முழங்கைக்கு மேலே நிற்கும் கையோ, மணிக்கட்டில் லேசாகப் பிடித்திருக்கும் கையோ வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன், ஹூக் விஷயம் பலருக்கு மனவருத்தம். விரல் மூட்டு வலி வந்தபின் ப்ளவுஸ் ஹூக்கோடு பத்து நிமிடம் போராடிவிட்டு, வெளியே போவதையே விட்டவர்களை எனக்குத் தெரியும். பின்பக்க ஹூக்கை முன்பக்கம் மாற்றலாம். சின்ன வழுக்கும் பட்டனை எடுத்துவிட்டு இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள தட்டைப் பட்டன் வைக்கலாம், ஜிப் முனையில் ஒரு வளையம் கோர்க்கலாம். இன்னொரு நல்ல வழி, முன்னால் பார்வைக்குப் பட்டன்களை வெறுமனே தைத்துவிட்டு அடியில் வெல்க்ரோவோ டிச் பட்டனோ வைப்பது, யாருக்கும் தெரியாது. காந்தப் பட்டன்களும் வருகின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அவற்றை நெஞ்சுப் பகுதியில் வைக்கவே கூடாது, காந்தம் அந்தக் கருவியின் வேலையை மாற்றிவிடக்கூடும்.

இடுப்பில் இறுக்கிக் கட்டும் நாடாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய நாடா அதே இடத்தில் வருடக்கணக்கில் அழுத்தினால் தோல் கறுத்து, உரிந்து, சிலருக்குப் புண்ணாகிவிடும். ஆறாத அப்படிப்பட்ட புண், முதிய பெண்கள் இருவருக்குத் தோல் புற்றாக மாறியதை மருத்துவர்கள் 2024-ல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் பதிவு செய்தார்கள். இரண்டே பேரைப் பற்றிய குறிப்பு அது, ஆகவே நாடா கட்டுகிற எல்லோரும் பயப்பட வேண்டும் என்று பொருள் இல்லை. ஆனால் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் பவுடர் போட்டுச் சமாளிக்காமல் காட்டிவிடுங்கள். நாடாவுக்குப் பதில் மூன்று சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் வைத்தால் அழுத்தம் பரவிவிடும். இரவில் அவசரமாகப் பாத்ரூம் போகும்போது முடிச்சோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

உள்ளாடையில் வருகிற தவறு ஒன்றுதான். தோள் பட்டை வெட்டுகிறது என்று பட்டையைத் தளர்த்திக்கொண்டே போவார்கள். மார்பின் எடையைப் பெரும்பாலும் தாங்க வேண்டியது கீழே சுற்றி வரும் பட்டி. அது தளர்ந்திருந்தால் எடை முழுக்கத் தோளுக்குப் போகும். அளவை மறுபடி எடுங்கள், பட்டியைக் கச்சிதமாகவும் தோள் பட்டையை அகலமாகவும் பாருங்கள். கம்பி வைத்த ப்ரா மார்பகப் புற்று உண்டாக்கும் என்று சுற்றும் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. 55 முதல் 74 வயதுப் பெண்களை வைத்து சியாட்டிலில் நடந்து, 2014-ல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. கம்பி குத்தினால் விட்டுவிடுங்கள், காரணம் அவ்வளவு போதும்.

செருப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். வயதான பெண்கள் கீழே விழுவது அதிகமும் வீட்டுக்குள்தான். வெறுங்காலிலோ வெறும் காலுறையிலோ வழவழப்பான தரையில் நடப்பது விழும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று இதைப் பற்றிய ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவந்திருக்கின்றன. அதற்காகத் தடித்த பஞ்சு அடி வைத்த, குதிகால் திறந்த செருப்பை வாங்கிவிடாதீர்கள். அடிப்பாகம் ரொம்ப மிருதுவாக இருந்தால் தரை எப்படி இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாது, குதிகால் திறந்திருந்தால் விரல்களைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். தேவை இவைதான்: குதிகாலைப் பிடிக்கும் பட்டை, வழுக்காத மெல்லிய கெட்டியான அடி, தாழ்ந்த குதி, காலோடு சேர்த்துப் பிடிக்கும் வெல்க்ரோ. பாதம் வயதோடு அகலமாகிறது, ஆகவே பழைய நம்பரை நம்பாமல் மாலை நேரத்தில், கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும்.

நீங்கள் சேலையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கட்டுகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. கனம் குறைந்த, கஞ்சி போடாத துணியை எடுங்கள். மடிப்புகளைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்துங்கள். மடிப்பை முன்கூட்டியே தைத்து இடுப்பில் எலாஸ்டிக்கோ ஹூக்கோ வைத்துக்கொண்டால் கட்டுவது ஐந்து நிமிடம், அவிழ்ந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இதுவரை சொன்னவற்றில் துணியும் வெட்டும் உறுதியானவை. இனிச் சொல்வது அப்படியல்ல. இந்த நிறம் உங்களை இளமையாகக் காட்டும், இந்த வயதுக்கு மேல் இதைப் போடக் கூடாது என்பதெல்லாம் அவரவர் ருசி, என்னுடையதும் சேர்த்து. குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் கோடு போட்ட சதுரம் உயரமாகவும் ஒல்லியாகவும் தெரியும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டியிருக்கிறார். யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன் உருவப்படங்களில் அதைச் சோதித்து, குறுக்குக் கோடு குண்டாகக் காட்டுவதில்லை என்று 2011-ல் எழுதினார். பிறகு வந்த வேறொரு ஆய்வில் ஒல்லியானவர்களுக்கு ஒருவிதமாகவும் பருத்தவர்களுக்கு வேறுவிதமாகவும் முடிவு வந்தது. ஆக, யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். பிடித்தால் போடுங்கள்.

நிறத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. கண்ணின் லென்ஸ் வயதோடு மஞ்சளாகிறது, அதனால் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துப் பார்ப்பது கடினமாகும். அலமாரியிலிருந்து கருநீல மேலாடையும் கறுப்பு பேன்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபின்தான் தெரியும், கறைகூட அப்படித்தான். உடையை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துவைத்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம், மாலை நடைக்குப் போகிறவர்கள் தலை முதல் கால் வரை அடர் நிறத்தில் போக வேண்டாம், வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் பயணம். மூன்று வாரத்துக்கு மூன்று வார உடை தேவையில்லை, ஒரு வாரத்துக்குப் போதுமானதும் துவைக்கும் சோப்பும் போதும். பேன்டுகள் எல்லாம் ஒரே அடிப்படை நிறத்தில் இருக்கட்டும், சாம்பலோ கருநீலமோ காப்பிக்கொட்டை நிறமோ. மேலாடைகள் எதை எடுத்தாலும் அவற்றோடு சேர வேண்டும். சின்னப் பூ, சின்னக் கட்டம் போட்ட துணி கறையையும் கசங்கலையும் மறைக்கும், ஒற்றை நிற வெளிர் லினன் இரண்டையும் ஊருக்கே காட்டும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியை வீட்டில் நான் சிபாரிசு செய்வது குறைவு, பயணத்துக்கு மட்டும் சரி என்பேன். இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். எடுத்துப்போகும் எதுவும் முதல்முறை போடுவதாக இருக்கக் கூடாது, செருப்பு விஷயத்தில் இதில் சலுகையே கிடையாது. குறைந்தது இரண்டு வாரம் அதில் நடந்து பழகியிருக்க வேண்டும்.

நகரும் படிக்கட்டில் நீண்ட ஓரமும் துப்பட்டாவும் மாட்டிக்கொள்ளும் என்பதால் பயண நாளில் கணுக்கால் பேன்ட்தான். துப்பட்டா வேண்டுமென்றால் கழுத்தில் சுற்றி முடிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெரிய சால்வையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஏசி குளிருக்குப் போர்வை, தூங்கும்போது தலைக்கு அணை, வெயிலில் தலைக்கு நிழல். வெயில் என்றதும் ஒன்று. மெல்லிய வெள்ளைப் பருத்தி நல்ல காப்பு என்று நினைக்கிறோம், ஆனால் புற ஊதாக் கதிர் அதில் கணிசமாக உள்ளே வரும், நனைந்தால் இன்னும் அதிகம். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர் நிறத் துணி மேல். உடை லேபிளில் யுபிஎஃப் (புற ஊதாக் காப்பு அளவு) 50 என்று போட்டிருந்தால் அந்தக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே போகும் என்று பொருள்.

விமானம் நான்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்றால் முழங்காலுக்குக் கீழே போடும் அழுத்தக் காலுறையைப் பற்றி யோசியுங்கள். காலின் ரத்தக் குழாயில் அறிகுறி காட்டாமல் உண்டாகும் ரத்தக் கட்டிகளை அது நன்றாகவே குறைக்கிறது என்பதற்குக் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பில் வலுவான ஆதாரம் இருக்கிறது. கால் வீக்கம் குறைவதற்கும் ஆதாரம் உண்டு, அது அவ்வளவு வலுவானது அல்ல. ஆனால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருப்பவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கணுக்காலும் ஆடுசதையும் அளந்து வாங்க வேண்டும், மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் அந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல் இறுக்கிவிடும். காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன் போடுவது சுலபம்.

கேட்கத் தயங்கும் ஒரு விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். இருமினால், தும்மினால் கொஞ்சம் சிறுநீர் கசிவது இந்த வயதில் சாதாரணமாகப் பலருக்கு இருக்கிறது, சிகிச்சையும் உண்டு. அந்த பயத்தாலேயே பயணத்தைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அடர் நிற பேன்ட், தொடையை மறைக்கும் நீள மேலாடை, ஒரே இழுப்பில் இறங்கும் எலாஸ்டிக், கைப்பையில் ஒரு மாற்று பேன்டும் இரண்டு உள்ளாடையும் பேடும் ஒரு பிளாஸ்டிக் பையும். பெரிய பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் அந்தக் கைப்பை ஒரு நாளைத் தாங்கும்.

அறையில் அலசும் துணியைப் பற்றிக் கடைசியாக. கையால் முறுக்கிப் பிழிந்தால் விரல் மூட்டும் வலிக்கும், துணியும் கோணிவிடும். அலசிய துணியைக் காய்ந்த டவலில் விரித்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, அதன்மேல் முழங்காலையோ உள்ளங்கையையோ வைத்து அழுத்துங்கள். தண்ணீரில் பெரும்பகுதி டவலுக்குப் போய்விடும். உதறி, ஓரங்களை நேராக இழுத்து, தோள் மடிப்பு விழாதபடி ஹேங்கரில் மாட்டினால் இஸ்திரி இல்லாமலே மறுநாள் போடலாம்.